இருபத்தோராவது தாம்பாளம்

1

இன்று காலை பெரம்பலூரிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் ரத்தினவேல். என் தங்கை மகள் கயல்விழிக்கு மாமனாரின் தம்பி. அவர் கேட்டதைக் கடைசியில்தான் எழுதப்போகிறேன். முதலிலேயே எழுதினால் கோபத்தில் மற்றவை வரிசை மாறிவிடும்.

கயல்விழிக்குக் கல்யாணமாகி இன்றோடு ஒரு வருடம். அவளுக்கு வாழ்த்துச் சொல்ல நான் போனை எடுப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

என் வேலையை ஒரு முறை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். கீழப்பழுவூரில் இதை ஒழுங்காகக் கேட்டவர் யாருமில்லை. "சாராயக் கம்பெனில இருக்கான்" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நான் இருப்பது வடக்கு ஸ்பெயினில் ரியோஹா என்ற வட்டாரம். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். பூமிக்கடியில் நீண்ட அறைகள், அவற்றில் ஓக் மரப் பீப்பாய்கள், பீப்பாய்களுக்குள் சிவப்பு ஒயின். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஒயினை ஒரு பீப்பாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டும். மண்டி மட்டும் பழைய பீப்பாயிலேயே நின்றுவிட வேண்டும். இங்கே இதற்கு இயந்திரம் வைத்துக்கொள்வதில்லை. மேல் பீப்பாயின் குழாயைத் திறந்தால் ஒயின் தானாக இறங்கும். ஒருவர் சிறு கண்ணாடிக் குவளையில் அதைப் பிடித்துப் பிடித்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருப்பார். முதல் கலங்கல் தெரிந்த நொடியில் "நிறுத்து" என்பார். அந்த ஒருவர் நான்.

ருசி பார்ப்பதும் உண்டு. பார்த்துத் துப்பிவிடுவோம். இதை ஊரில் சொன்னபோது ஒருவர், "துப்பறதுக்கா சம்பளம்? எங்க தெருவுல சும்மாவே துப்புவானுங்களே!" என்றார். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். அது போகட்டும்.

2

வருகிற பயணிகளுக்கு இந்த ஒயினின் வரலாற்றைச் சொல்வது என் மகன் அமுதன். வார இறுதிகளில் இங்கேயே வழிகாட்டியாக இருக்கிறான். அவன் சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் "அமுதன் கீழப்பழுவூர்" என்று இருக்கும். அதற்கும் ஒரு கதை உண்டு. இந்த நாட்டில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர்கள் வேண்டும். எனக்கு ஒன்றுகூட இல்லை என்றேன். அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த பெண் என்னை அனாதையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பெயருக்கு முன்னால் இருக்கும் எழுத்துகள் என்ன என்று கேட்டாள். ஒன்று ஊர், ஒன்று அப்பா என்றேன். இரண்டையும் வரிசையாக எழுதி முத்திரை குத்திவிட்டாள். இப்போது என் மகன் ஊரைக் குடும்பப் பெயராகச் சுமக்கிறான். அதில் உள்ள ழகரம் அவன் வாயில் வராது. கேட்டால், "அப்பா, எனக்கு நாக்கு அங்க போகாது" என்கிறான்.

ஆனால் வரலாறு நன்றாகச் சொல்வான். இந்த வட்டாரத்து ஒயின் ஒரு காலத்தில் அடுத்த கோடையைத் தாண்டாது. புளிப்பதற்குள் உள்ளூரிலேயே குடித்துத் தீர்ப்பார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பிரான்சின் போர்தோ பக்கம் இருந்துவிட்டுத் திரும்பிய சில பிரபுக்கள், பீப்பாயில் வைத்து முதிரவைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். பிறகு வேரைத் தின்னும் ஒரு பூச்சி பிரான்சின் தோட்டங்களை அழித்தது. அங்கத்து வியாபாரிகள் மலையைத் தாண்டி இங்கே வந்து, ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடங்குகளை அமைத்தார்கள். கடைசியில் பூச்சியும் மலையைத் தாண்டி வந்தது. அதை எதிர்த்து நின்றது அமெரிக்கக் கொடியின் வேர் மட்டுமே. அந்த வேரின்மேல் இந்த ஊர்க் கொடியை ஒட்டுப்போட்டுப் பிழைக்கவைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் திரும்பிப் போன பிறகும் இவர்கள் பீப்பாயை விடவில்லை. இன்னும் நீண்ட காலம் வைக்கப் பழகினார்கள். ஒயின் பக்குவமாகும்வரை காத்திருக்க வேண்டியது வாங்குபவர் அல்ல, செய்தவர் என்பது இங்கத்து முறை. கிரான் ரெசெர்வா என்ற உயர்ந்த வகையை ஐந்து வருடம் முடியுமுன் விற்க விதியே இடம் தராது. உலக ஒயின் வரலாற்றில் ரியோஹாவுக்கு இடம் வாங்கிக் கொடுத்தது இந்தப் பொறுமைதான்.

முறை பிரான்சுடையது, பீப்பாய் மரம் அமெரிக்காவுடையது, கொடியின் வேரும் அமெரிக்காவுடையது. இதையெல்லாம் அமுதன் சொல்லி முடித்ததும் போன மாதம் ஸ்பானியப் பெரியவர் ஒருவர் பெருமூச்சு விட்டு, "ஆக, இங்கே எல்லாமே கலப்பில்லாத நம் நாட்டுப் பொருள்" என்றார். பிறகு மெழுகுவத்தியோடு நின்ற என்னைக் காட்டி, "கரண்ட் போய்விட்டதா? மின்சாரம் பார்ப்பவரா இவர்?" என்று கேட்டார்.

அவரோடு வந்த பெண் தோட்டத்துக் கல் ஒன்றை எடுத்து முகர்ந்துகொண்டிருந்தார். சுண்ணாம்புக்கல். இந்தக் கல்தான் திராட்சைக்கு உயிர் என்று இவர்கள் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். எங்கள் அரியலூரிலும் இதே கல்தான். வெடி வைத்துப் பெயர்த்து லாரி லாரியாக ஏற்றி, சிமெண்டாக்கி மூட்டை கட்டுகிறோம். சாலையோரத்து வேப்பமரம் வெள்ளையாக நிற்கும். முகர வேண்டியதில்லை, தானாகவே மூக்குக்குள் வரும்.

3

நான் இங்கே வந்தது இரண்டாயிரத்து ஒன்றில். ஓட்டல் வேலை என்று சொல்லிக் கூட்டிவந்தவர் காட்டியது திராட்சைத் தோட்டத்தை. அறுவடை நடந்துகொண்டிருந்தது. குனிந்து குனிந்து பழம் வெட்டினேன். அந்த வாரத்தில்தான் ஊரிலிருந்து செய்தி வந்தது, தங்கை மல்லிகாவுக்குப் பெண் குழந்தை என்று. மிட்டாய் வாங்கக் கையில் காசில்லை. காபிக் கடையில் கொடுக்கும் சர்க்கரைப் பொட்டலங்களைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன்.

எங்கள் மேஸ்திரி பாகோ பொட்டலத்தைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, "உன் பெண்ணா?" என்று கேட்டார்.

"தங்கச்சி பெண். நான் தாய்மாமன்."

அந்த உறவுக்கு அவர் மொழியில் தனிச்சொல் கிடையாது. காது குத்துவது முதல் கல்யாணச் சீர் வரை தாய்மாமன் என்னென்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரிந்த நூறு வார்த்தைகளில் விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். இங்கே ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் குழந்தை பிறந்தால் அந்த வருடத்து அறுவடையில் ஒயின் எடுத்து வைப்பார்கள். குழந்தை வளர்ந்து கல்யாணம் செய்யும்போது திறப்பார்கள். குழந்தையும் ஒயினும் ஒரே வயது. அந்த வருடத்து ஒயின் பாட்டிலுக்குப் போனதும், பாகோ ஒரு பாட்டிலை, கார்க் காய்ந்துபோகாதபடி மாடத்தில் படுக்கவைத்து, மேலே ஒரு கல்பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் "கயல்" என்று எழுதினார். பிறகு எனக்கும் ஒரு மகன் பிறந்தான். பக்கத்து மாடத்தில் "அமுதன்" வந்தான்.

இரண்டாயிரத்து ஒன்று இந்த வட்டாரத்தில் மிக உயர்ந்த மதிப்புப் பெற்ற அறுவடை. அதன் பாட்டில்களை இன்று தேடி அலைகிறார்கள். எனக்கு அது கயலின் வயது, அவ்வளவுதான். ஒவ்வொரு பிறந்த நாளுக்கும் அந்தப் பாட்டிலைப் படம் பிடித்து அவளுக்கு அனுப்புவேன். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, "மாமா, அது இன்னும் தூங்குதா?" என்று கேட்பாள். கல்லூரிக்குப் போனதும், "தூசி தட்டாதீங்க மாமா, அப்படியே இருக்கட்டும், நான் வந்து தட்டறேன்" என்றாள். விசா கிடைக்கவில்லை, வரவில்லை. கல்யாணம் நிச்சயமானதும் அவளே கேட்டாள்.

"மாமா, என் பாட்டில எடுத்துட்டு வருவீங்கல்ல? மொத வாய் எனக்கு."

மொத வாய் உனக்கு என்று வாக்குக் கொடுத்தேன். கல்யாணம் முடிந்து மறுநாள் கீழப்பழுவூர் வீட்டில் அவள் கையால் திறப்பதாக ஏற்பாடு.

4

கல்யாணம் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில். தாய்மாமன் சீர் இருபத்தொரு தாம்பாளம். ஒற்றைப்படையில்தான் இருக்கவேண்டும். புடவை, பூ, பழம், வெல்லம், கல்கண்டு, மஞ்சள் என்று இருபது. இருபத்தோராவதில் பட்டுத்துணி விரித்து அந்தப் பாட்டிலைப் படுக்கவைத்தேன். வயதான ஒயினில் படியும் மண்டி அடியிலேயே நிற்கட்டும் என்று, கழுத்துப் பக்கம் சிறிது உயரமாக இருக்கும்படி கீழே வெற்றிலை அடுக்கினேன்.

மல்லிகா பார்த்ததும் பயந்தாள். "அண்ணே, மருந்து பாட்டிலுன்னு சொல்லிக்கலாமா?"

"எதுக்கு மருந்து? ஒயின்னே சொல்லு. கயல் பொறந்த வருஷத்து ஒயின்னு சொல்லு."

"அங்க ஒத்துக்குவாங்களா?"

"அவங்க குடிக்கிறதுக்கா கொண்டாந்தேன்? எம் மருமவளுக்குச் சீரு."

மேளத்தோடு புறப்பட்டோம். அந்தத் தாம்பாளத்தை அமுதன் ஏந்தி வந்தான். வேட்டி அவனுக்கு நிற்கவில்லை. ஒரு கை தாம்பாளத்தில், ஒரு கை இடுப்பில். மண்டப வாசலில் ரத்தினவேல் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனம். முதல் இருபதைச் சிரித்துச் சிரித்து உள்ளே அனுப்பினார். கடைசித் தாம்பாளத்தைக் கண்டதும் கையைத் தூக்கினார்.

"மேளத்த நிறுத்துங்கய்யா! என்னண்ணே இது? சீருல பாட்டிலா? நாலு பேரு வந்திருக்காங்க. எங்க வூட்டு மானம் என்ன ஆவறது?"

நான் சொன்னேன். பிறந்த வருடம், அங்கத்து வழக்கம், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். நடுவிலேயே அவர், "எந்த ஊரு வழக்கமா இருந்தாலும் சரக்கு சரக்குதாங்க" என்றார்.

அப்போது அமுதன், எந்தக் கள்ளமும் இல்லாமல், மண்டபத்துக்கே கேட்கும்படி கேட்டான். "அங்கிள், நீங்கதானே பார் வெச்சிருக்கீங்க? நேத்து கார்ல போகும்போது காட்டினீங்க. எல்லாரும் ஒயின் ஷாப்னு சொன்னாங்க. நான் உள்ள போய்ப் பார்த்தேன். ஒயினே இல்ல."

தவில்காரர் குனிந்துகொண்டு சிரித்தார். ரத்தினவேல் முகம் சிவந்தது.

"தம்பி, அது யாவாரம். இது சுபகாரியம்."

இந்த வரியை நான் ஒரு வருடமாக மனதில் புரட்டிப் பார்க்கிறேன். அரசு மதுக்கடையை ஒட்டி பார் நடத்தி, அதில் கட்டிய மாடி வீட்டிலிருந்து வந்து, அவர் வாசலில் நின்று மானம் பேசினார். அவர் கடைமுன் விழுந்து கிடப்பவர்களைத் தாண்டித்தான் பாதிச் சொந்தக்காரர்கள் அன்று மண்டபத்துக்கே வந்திருப்பார்கள். ஒருவர் முகத்திலும் சுளிப்பில்லை. வெற்றிலை மேல் படுத்திருந்த ஒரு பாட்டில்தான் எல்லோரையும் சுட்டது. அன்று வாசலில் நின்று எண்ணினேன், என் பக்கம் பேசிய பெரியவர்கள் எத்தனை பேர் என்று. ஒருவரும் இல்லை. தங்கை கணவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அப்பா, "நல்ல நேரம் போவுதுங்க" என்று மட்டும் சொன்னார்.

மல்லிகா என் கையைப் பிடித்தாள். "அண்ணே, எடுத்துடுண்ணே. மொதல்ல தாலி ஏறட்டும்." எடுத்துவிட்டேன்.

எடுத்ததும் ஓர் அம்மாள் கத்தினார், "அய்யய்யோ, இருபது ஆயிடுச்சே! ரெட்டப்படையில சீர் உள்ள போவக்கூடாதுங்க!"

அதற்கும் ரத்தினவேலே வழி கண்டுபிடித்தார். பந்திக்கு இறக்கியிருந்த குளிர்பானத்தில் இரண்டு லிட்டர் ஆரஞ்சுக் கலர் ஒன்றை ஆள் அனுப்பி எடுத்துவரச் செய்தார். என் பட்டுத்துணிமேல் அதை நிற்கவைத்தார்கள். அடிக்கு என் வெற்றிலையையே வைத்தார்கள். மேளம் மறுபடி முழங்க, இருபத்தோராவது தாம்பாளம் உள்ளே போனது.

என் பாட்டிலைச் சாமான் அறையில் வைக்கச் சொன்னார்கள். "பத்திரமா இருக்கும்ணே, சாவி எங்கிட்டதான் இருக்கு" என்றார் ரத்தினவேல். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் அதைப் படுக்கவைத்துவிட்டு வந்தேன்.

5

தாலி ஏறியது. அட்சதை போட்டோம். பந்தியில் இட்லியும் பொங்கலும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். அறையில் வெயில் விழுகிறதோ என்ற கவலையில் நான் எழுந்து போனேன். கதவு ஒருக்களித்திருந்தது.

அரிசி மூட்டைமேல் ரத்தினவேல். எதிரில் இரண்டு பேர். நடுவில் வாழையிலையில் ஊறுகாய், வடை. கார்க்கை ஸ்குரூ டிரைவரால் பாட்டிலுக்குள்ளேயே தள்ளியிருந்தார்கள். பக்கத்தில் அந்த ஆரஞ்சுக் கலர், என் பட்டுத்துணி இப்போது அதன் கழுத்தில் சுற்றியபடி. பிளாஸ்டிக் தம்ளர்களில் இரண்டும் கலந்திருந்தன.

"வாங்கண்ணே, உக்காருங்க! வாசல்ல சொன்னத மனசுல வெச்சிக்காதீங்க. நாலு பேரு முன்னால அப்புடித்தான் பேசணும்." தம்ளரைத் தூக்கிக் காட்டினார். "ஆனா என்னண்ணே இது? கிக்கே இல்ல. அடியில பாருங்க, ஒரே மண்டி. இத்தன வருஷம் வெச்சிருந்தா கெட்டுத்தானே போவும்? வெள்ளக்காரன் உங்கள நல்லா ஏமாத்திட்டான்."

எதிரில் இருந்த ஒருவர், "கலர் ஊத்துனப்புறம் பரவால்ல" என்றார்.

கலங்கல் கண்ட நொடியில் நிறுத்து என்று சொல்வதுதான் என் தொழில். அந்த ஒரு சொல் அங்கே வாயில் வரவில்லை.

பின்னால் கொலுசுச் சத்தம். மணமக்களைச் சாப்பிட அழைத்துப் போகும் வழி அதுதான். கயல் மாலையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை முகிலன். அவள் பார்வை பாட்டிலில் இருந்தது. படத்திலேயே பார்த்து வளர்ந்த பாட்டில். நேரில் பார்ப்பது அதுதான் முதல்.

"மாமா, அது என்னோடதுதானே?"

நான் தலையை ஆட்டினேன்.

அவள் உள்ளே வந்தாள். "சின்ன மாமா, இது எனக்கு வந்த சீரு. யாரக் கேட்டுத் தொறந்தீங்க?"

"அடப் போம்மா. பொம்பளப்புள்ள குடிக்கிற சாமானா இது? சாப்பிடப் போ."

கயல் பாட்டிலை எடுத்தாள். மருதாணி இட்ட உள்ளங்கையைக் குவித்து அதில் கவிழ்த்தாள். ஒயின் இல்லை. கடைசியில் தங்கிய கருஞ்சிவப்பு மண்டி, ஒரு கரண்டிகூட வராது. அதை நக்கினாள். கண்ணை மூடிக்கொண்டு, நாங்கள் பாதாள அறையில் செய்வதுபோலவே, நாக்கில் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். ஆனால் துப்பவில்லை.

"கசக்குது" என்றாள். பிறகு, "நல்லாருக்கு மாமா."

முகிலன் கையை நீட்டினான். "எனக்கும் கொஞ்சம்."

"டேய், நீயுமாடா? மாலையோட?" என்றார் ரத்தினவேல்.

"நீங்க குடிச்சீங்கல்ல சித்தப்பா. அவ சீரு. அவ குடுத்தாத்தான் கேக்கறேன்."

அவள் பாட்டிலைத் தட்டித் தட்டி அவன் உள்ளங்கையில் இரண்டு சொட்டு விழவைத்தாள். காலிப் பாட்டிலை முந்தானையில் சுற்றிக்கொண்டு போய்விட்டாள். பந்தியில் அவள் இலைக்குப் பக்கத்தில் அது படுத்திருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

6

திரும்பும் விமானத்தில் அமுதன் ஸ்பானிஷில் சொன்னான், என் பாட்டிலை ஊருக்குக் கொண்டுபோகாதே அப்பா, இங்கேயே திறக்கலாம் என்று. எனக்குச் சுருக்கென்றது. கொண்டுபோகலாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். பிறகு கயலின் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. அதைச் சொன்னேன். "அவள் இங்கே வரட்டும்" என்றான்.

கயல் போன வாரம் ஒரு படம் அனுப்பினாள். பெரம்பலூர் வீட்டில் அவர்கள் அறை, சுவர் அலமாரி, அதில் படுத்தபடி காலிப் பாட்டில். கூடவே ஒரு கேள்வி: "மாமா, காலியானதுக்கு அப்புறமும் படுக்கத்தான் வைக்கணுமா?" இதற்கு இந்தத் தொழிலில் விதி எதுவும் இல்லை. அப்படியே இருக்கட்டும் என்று எழுதினேன்.

இனி இன்று காலை வந்த அழைப்பு. பாதாள அறையில் சிக்னல் கிடைக்காது என்று போனைப் படிக்கட்டின் உச்சியில் வைத்திருப்பேன்; மணி கேட்டது. மெழுகுவத்தியை அணைத்துவிட்டுப் படியேறி வந்து எடுத்தேன்.

"அண்ணே, ரத்தினவேல் பேசறேன். நல்லாருக்கீங்களா? எம் பொண்ணு, நம்ம பாப்பாவுக்கு எடம் முடிஞ்சிருச்சு. மாப்ள வூடு சென்னை. பெரிய எடம்ணே, வெளிநாடெல்லாம் போயிட்டு வந்தவங்க. அன்னிக்குப் பேச்சுவாக்குல அந்த பாட்டிலப் பத்திச் சொன்னேன். அசந்துட்டாங்க! அது கெடைக்காத சரக்காமுல்ல?"

"ம்."

"அதான்ணே, பாப்பா சீருக்கும் அதே மாதிரி ஒண்ணு கொண்டாந்துடுங்க. அவ பொறந்த வருஷத்துது. மொதத் தாம்பாளத்துலயே வெச்சிடலாம். அவங்க வூட்டுல ரொம்ப ரசிப்பாங்க."

ஒரு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் தொண்டைவரை வந்துவிட்டன. அவற்றை நிறுத்திவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"பாப்பா எந்த வருஷம் பொறந்தது?"

"பாப்பாவா... அது வந்துங்கண்ணே... ரெண்டாயிரத்து... நாலா, அஞ்சா... இருங்க, அவ அம்மாவக் கேட்டுட்டுச் சொல்றேன்."

"கேட்டுட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். மெழுகுவத்தியை மறுபடி ஏற்றிக்கொண்டு கீழே இறங்கினேன்.

வேலை முடிந்து, கயலோடு பேசி, இதை எழுதி முடிக்கும்போது இங்கே வெளிச்சம் போய்விட்டது. இன்னும் கூப்பிடவில்லை.